புண் ஆறுதலும் ஓமோன்களும்

கல்லூரி மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக் கொள்ளாத பழைய மாணவர் எவரும் இலர் என்றே கருதுகின்றோம். குருதி கசிந்தது, விடுதியில் இருந்த மூத்த மாணவர் ஒருவர் மருந்து தடவினார், இரண்டொரு நாளிற் பொருக்குக் கட்டியது, சில நாளிற் பொருக்கு உதிர்ந்து புதிய தோல் தோன்றியது. நாமும் அதனை மறந்து மீண்டும் மைதானத்திற்கு ஓடினோம். அவ்வயதில் எமக்கு எழாத வினாக்கள் இரண்டு உள. புதிய தோலை ஆக்கும் வேலையைத் தொடங்குமாறு அறிவித்தது எது? வேலை முடிந்ததும் நிறுத்துமாறு அறிவித்தது எது? தொடங்காவிடிற் புண் ஆறாது; நிறுத்தாவிடின் தோல் மேன்மேலுந் தடித்துக் கழலையாகும். இவ்விரண்டிற்கும் இடையே அளவோடு நின்றமையாலேயே எமது முழங்கால் இன்றும் முழங்காலாக இருக்கின்றது.

இவ்வினாக்கள் முதுமையிலே வேறொரு வடிவத்தில் எம்மை வந்தடைந்தன. எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் பழுதுபட்டன. அவர் கிழமைதோறும் வைத்தியசாலைக்குச் சென்று இயந்திரத்தின் உதவியாற் குருதியைச் சுத்திகரித்து வருகின்றார். அங்கே அவருக்கு இடையிடையே ஓர் ஊசிமருந்தும் ஏற்றப்படும். அஃது எதற்கெனக் கேட்டபோது, இரத்தம் ஊறுவதற்கு என்று தாதி விடையிறுத்தாராம். நண்பர் எம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார். “பழுதானது சலம் பிரிக்கும் உறுப்பு. அப்படியிருக்க இரத்தம் ஏன் குறைய வேண்டும்? இந்த ஊசி இரத்தத்தை ஊறச் செய்யுமானால், இன்னுங் கூட்டிப் போடச் சொன்னால் என்ன?” அவ்விரு கேள்விகளுக்கும் அன்று எம்மால் முறையாக விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் வைத்தியத் துறையிலுள்ள பழைய மாணவரை உசாவியும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

குருத்துக்கலங்கள்

உடலானது எண்ணிறந்த கலங்களால் ஆயது. கலம் என்பது உயிருள்ள மிகச் சிறிய அலகு. தமிழ்நாட்டார் இதனை உயிரணு என்றும் செல் என்றும் வழங்குவர். கலங்கள் கூடி ஒரு தொழிலைச் செய்யுமாறு அமைந்தது இழையம். தோலும் தசையும் என்பும் இழையங்கள். நாளங்களில் ஓடித் திரியும் குருதியும் ஓர் இழையமே. ஆதலின் குருதி பெருகி வழிவதும் இழையச் சேதமேயாம் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

இழையத்திலுள்ள கலங்களிற் பல தமக்கென வகுத்த தொழிலைச் செய்து தேய்ந்து மடிவன. குருதியிலுள்ள செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழும். அது தன்னைப் போல் மற்றொன்றைப் பெறுதற்கு ஆற்றல் அற்றது. இவ்வாறு மடிவனவற்றின் இடத்தை நிரப்புவதற்கு உடல் மிகச் சிலவாகிய கலங்களைச் சேமத்தில் வைத்திருக்கின்றது. வாழைத் தோட்டத்தை நினைத்துப் பார்க்க. குலை தள்ளிய வாழையை வெட்டி வீழ்த்தினும் நிலத்தடியிலே கிழங்கு இருக்கும். அது புதிய குட்டியையும் ஈனும், தானும் அழியாதிருக்கும். அத்தகைய இரு தன்மைகளும் உடைய கலங்களைக் குருத்துக்கலங்கள் என்று கூறுவோம். தன்னைப் போன்ற மற்றொரு குருத்துக்கலத்தை உண்டாக்குதல் முதலாவது தன்மை. தொழில் செய்யும் கலங்களாக மாறத்தக்க சந்ததியைத் தருதல் இரண்டாவது தன்மை.

இத்தகைய கலங்கள் உண்டென்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜேம்ஸ் ரில் என்னும் பௌதிகவியலறிஞரும் ஏர்னஸ்ற் மக்கலக் என்னும் வைத்தியரும் அதனைப் பரிசோதனையாற் காட்டினர். அவர்கள் சுண்டெலிகளுக்குக் கடுங் கதிர்வீச்சைச் செலுத்தி அவற்றின் குருதியாக்கத்தை அழித்தனர். பின்னர் வேறு சுண்டெலிகளின் என்பு மச்சையிலிருந்து எடுத்த கலங்களை அவற்றினுட் செலுத்தினர். பத்து நாட்களின் பின் அவற்றின் மண்ணீரலிலே சிறு முடிச்சுகள் காணப்பட்டன. ஒவ்வொரு முடிச்சும் பலவகைக் குருதிக் கலங்களைக் கொண்ட ஒரு குடியிருப்பாக இருந்தது. அக்குடியிருப்பு முழுவதும் தனியொரு கலத்திலிருந்து பெருகியதே என்பதை 1963இல் அவர்களுடைய ஆய்வுக் குழுவினர் நிறுவினர். அதே 1961ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மௌரோ என்பார் தவளையின் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, தசை நார்களின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் சிறு கலங்களைக் கண்டறிந்தார். தசை கிழிந்தபோது அதனை மீள நெய்வன அவையே என்பது பின்னர்த் துணியப்பட்டது.

இக்கலங்கள் பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பன. அடிக்கடி பிரியும் கலத்திலே பிழைகள் மிகும். பிழைகள் மிகுமிடத்துப் புற்றுநோய் தோன்றலாம். ஆதலால் தேவை வந்தபோது மாத்திரம் விழித்தெழுதலே அவற்றிற்கு ஏற்ற ஒழுக்கம். தேவை வந்ததென்பதை அவை எவ்வாறு அறிகின்றன? பக்கத்திலுள்ள கலங்கள் அறிவிப்பது ஒரு வழி. தொலைவிலுள்ள உறுப்புகள் குருதி வழியாக அறிவிப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் வருந் தூதுவர்களே ஓமோன்கள்.

ஓமோன் என்னும் பெயர்

1902ஆம் ஆண்டில் இலண்டனிலே பெய்லிஸ், ஸ்ராலிங் என்னும் இருவர், சிறுகுடலின் சுவரிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் குருதியிற் கலந்து சென்று சதையியை நீர் சுரக்கச் செய்கின்றது எனக் கண்டனர். சதையிக்குச் செல்லும் நரம்புகளை வெட்டிய பின்னரும் அது தவறாது சுரந்தது. எனவே நரம்பின் உதவியின்றியும் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்ப வல்லது என்பது வெளியாயிற்று. 1905இல் ஸ்ராலிங் இத்தகைய பொருள்களை ஓமோன் என்னும் பெயரால் அழைத்தார். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. ஆயினும் ஓமோன்களுள் தூண்டுவனவும் உள, அடக்குவனவும் உள என்பதை மேலே காண்போம்.

ஓமோன் குருதியோடு உடல் முழுவதும் பரவும். எனினும் எல்லாக் கலங்களும் அதனை ஏற்பதில்லை. அதனைப் பற்றிக் கொள்ளும் ஏற்பிகள் எக்கலத்தில் உளவோ அக்கலமே அதன் சொற்கேட்கும். வானொலி எங்கும் பேசினும், அந்த அலைக்குத் திருப்பிய பெட்டியிலேதான் குரல் கேட்கும். அது போன்றதே இதுவும்.

குருதி இழந்த உடல்

இனி நண்பரின் முதற் கேள்விக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் என்பு மச்சை ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ இருபது இலட்சம் செங்குழியங்களை ஆக்குகின்றது. விபத்திலோ மகப்பேற்றிலோ சத்திரசிகிச்சையிலோ குருதி இழக்கப்படுமாயின் அத்தொகை பல மடங்காக உயரும். இழந்ததை ஈடுசெய்த பின் மீண்டும் பழைய அளவுக்குத் தாழும். குருதி வங்கிக்கு இரத்ததானம் செய்த அன்பர்கள் எல்லாருடைய உடலிலும் இஃது ஓசையின்றி நடந்தேறியது.

1906இல் பாரிசு நகரத்துப் போல் கார்னோவும் அவருடைய உதவியாளர் குளோத்தில்டு தெஃபிளாந்தரும் முயல்களிலிருந்து குருதியை வடித்து, அவற்றின் குருதிநீரை நலமுள்ள முயல்களுக்கு ஏற்றினர். நலமுள்ள முயல்களிற் செங்குழியங்கள் பெருகின என்றும், குருதி இழந்த உடல் ஒரு தூதுப் பொருளை உண்டாக்குகின்றது என்றும் அவர்கள் அறிவித்தனர். ஆனால் அப்பரிசோதனையை மீளச் செய்த பலருக்கு அதே பயன் கிட்டவில்லை. ஆதலின் அக்கருத்து நெடுங்காலம் ஐயத்திற்கிடமாகவே கிடந்தது.

1950இல் றைஸ்மன் என்பார் இரண்டு எலிகளின் குருதியோட்டம் ஒன்றோடொன்று கலக்குமாறு அவற்றின் உடல்களை இணைத்தார். ஒன்று ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசித்தது. மற்றையது வழமையான காற்றைச் சுவாசித்தது. இரண்டின் என்பு மச்சைகளிலும் செங்குழியங்களை ஆக்கும் வேலை பெருகியது. ஒட்சிசன் குறைவில்லாத எலி ஏன் குருதியைப் பெருக்க வேண்டும்? தன்னோடு இணைந்த எலியிடமிருந்து குருதி வழியாக வந்த செய்தியைத் தவிர வேறு காரணம் இல்லை. 1953இல் ஏர்ஸ்லெவ் என்பார் குருதி வடித்த முயல்களின் குருதிநீரைப் பேரளவில் ஏற்றி, கார்னோ கூறியது மெய்யே என நிறுவினார். முன்னையோர் ஏற்றிய அளவு போதாமையே அவர்கள் கண்ட ஏமாற்றத்திற்குப் பெரிதுங் காரணமாயிருந்தது.

அச்செய்தியை அனுப்பும் உறுப்பு யாது? 1957இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே ஜேக்கப்சன், கோல்ட்வாசர் முதலியோர் எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர். சிறுநீரகங்களை நீக்கிய எலிகள் குருதி இழந்தபோதும் அத்தூதுப் பொருளை ஆக்கவில்லை. இதுவே நண்பரின் முதற் கேள்விக்கு விடை. சிறுநீரகம் சலம் பிரிப்பதோடு அமைவதில்லை. உடலிலுள்ள குருதியின் ஒட்சிசன் நிலையைக் கண்காணித்து, குறைவு கண்டவிடத்து மச்சைக்கு ஓலை விடுக்கும் கணக்கப்பிள்ளையும் அதுவே. கணக்கப்பிள்ளை நோயுற்றால் ஓலை போகாது. மச்சை நலமாக இருந்தும் செய்தியின்மையால் வாளாவிருக்கும்.

அவ்வோமோனுக்கு எரித்திரோபொயெற்றின் என்று பெயர். அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தல் அரிதினும் அரிதாக இருந்தது. யப்பானைச் சேர்ந்த மியாக்கே என்னும் வைத்தியர், மச்சை செயலிழந்த நோயாளரின் சிறுநீரில் அவ்வோமோன் மிகுதியாகக் கழிகின்றது என்பதை அறிந்து, 2,550 லீற்றர் சிறுநீரைச் சேர்த்து உலர்த்தி அமெரிக்காவிற்கு எடுத்துச் சென்றார். அத்தனையிலிருந்தும் அவரும் கோல்ட்வாசரும் சகபாடியரும் வடித்தெடுத்தவை ஒரு சில மில்லிகிராம்களே. 1977இல் வெளியான அவ்வாராய்ச்சியின் பயனாக 1985இல் அவ்வோமோனின் பரம்பரையலகு தெரியவந்தது. கலங்களை வளர்த்து ஓமோனைப் பேரளவில் ஆக்குதல் கைகூடியது. 1989இல் ஐக்கிய அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு முன்னர்ச் சிறுநீரக நோயாளர் பலர் பிறருடைய குருதியை மீண்டும் மீண்டும் ஏற்றிக் கொண்டே உயிர் வாழ்ந்தனர். 1990கள் முதலாக எமது நாட்டின் வடமத்திய மாகாணத்தில் உழவர்களிடையே பெருகிக் காணப்படும் நீண்டகாலச் சிறுநீரக நோயை நினைப்போர்க்கு இம்மருந்தின் அருமை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஓமோன் செய்யும் வேலை

இவ்வோமோன் மச்சையிலே என்ன செய்கின்றது? குருத்துக்கலத்தைத் தட்டியெழுப்பி, ‘பெருகுக’ என்று ஆணையிடுவதாகவே எவரும் எண்ணுவர். உண்மை அதனினும் நுட்பமானது. மச்சையானது குருத்துக்கலங்களின் வழிவந்த இளங்கலங்களை எந்நாளும் தேவைக்கு மிஞ்சியே ஆக்கி வைத்திருக்கின்றது. அவை ஓமோன் கிடைக்கும்வரை காத்திருக்கும். கிடைக்கப் பெறாதவை சில மணித்தியாலங்களில் தாமாகவே மடியும். ஓமோனைப் பெற்றவை பிழைத்து, முதிர்ந்து, செங்குழியங்களாகும். 1990இல் அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய கௌரியும் பொண்டுரண்டும் இதனைக் காட்டினர். நாற்றுமேடையில் நெருக்கமாக விதைத்து, வயலின் பரப்பறிந்து வேண்டிய நாற்றுகளை மாத்திரம் பிடுங்கி நடும் உழவனின் முறை இது. நலமுற்றிருக்குங் காலத்தில் ஓமோன் சிறிதளவே இருத்தலாற் பல நாற்றுகள் வீணாகும். குருதி மிக இழந்தபோது ஓமோனின் அளவு ஆயிரம் மடங்கு வரை உயரக் கூடுமாதலால் ஏறக்குறைய எல்லா நாற்றுகளும் பிழைத்துக் கொள்ளும். புதிதாக விதைத்து முளைக்கும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும். உடலோ முன்னரே நாற்றிட்டு வைத்திருக்கின்றது.

வேலையை நிறுத்தும் வழியும் இதனுள்ளேயே அமைந்துள்ளது. சிறுநீரகக் கலங்களில் ஒரு புரதம் இடையறாது உண்டாகிக் கொண்டிருக்கும். போதிய ஒட்சிசன் உள்ளபோது அது சில நிமிடங்களுள் அழிக்கப்பட்டு விடும். ஒட்சிசன் குறைந்தால் அழிவினின்று தப்பி, ஓமோனின் பரம்பரையலகை இயக்கும். செங்குழியங்கள் பெருகி ஒட்சிசன் நிறைந்ததும் அப்புரதம் மீண்டும் அழியும், ஓமோனும் குறையும். இவ்வமைப்பை விளக்கிய கேலின், றற்கிளிவ், செமென்சா ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

மேற்கூறிய ஓமோன் குருத்துக்கலத்தின் சந்ததியையே பெரிதும் பேணுவது. குருத்துக்கலத்தையே நேராகப் பேணும் ஓமோனும் ஒன்றுண்டு. அது குருதி உறைதலுக்கு வேண்டிய குருதிச் சிறுதட்டுகளை ஆக்குவிப்பது. திரொம்போபொயெற்றின் என்னும் பெயரால் 1994இல் அறியப்பட்டது. ஈரல் இதனை ஏறத்தாழ ஒரே அளவாகச் சுரந்து வரும். குருதியிலுள்ள சிறுதட்டுகள் அதனைப் பற்றி உட்கொள்ளும். காயத்தாற் சிறுதட்டுகள் குறைந்தால் உட்கொள்வார் இன்மையால் ஓமோன் மிஞ்சும். மிஞ்சிய ஓமோன் மச்சையைச் சேர்ந்து புதிய சிறுதட்டுகளை ஆக்கும். இவ்வோமோனை ஏற்கும் ஏற்பி பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகள் சிலர் உளர். அவர்களுக்கு முதலிற் சிறுதட்டுகள் மாத்திரமே குறைவாயிருக்கும். சில ஆண்டுகளில் மச்சை முழுவதுமே வறண்டு, எல்லாவகைக் குருதிக் கலங்களும் அருகும். குருத்துக்கலங்களே இவ்வோமோனை நம்பி வாழ்கின்றன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. இவ்வறிவினின்றும் பயன் விளைந்தது. அவ்வேற்பியைத் தூண்டும் எல்ற்றொம்போபாக் என்னும் மாத்திரை, வேறு சிகிச்சைக்கு இணங்காத மச்சைச் செயலிழப்பு நோயாளருக்கென 2014இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அவருட் சிலருக்கு எஞ்சிக் கிடந்த சில குருத்துக்கலங்கள் மீண்டும் தழைத்தன.

ஒரு காலில் அடி. மறு காலில் விழிப்பு

குருதி எங்கும் ஓடுவது. ஆதலின் அதற்குத் தொலைவிலிருந்து செய்தி வருதல் வியப்பன்று என்பாரும் உளர். ஓரிடத்தில் நிலைத்திருக்கும் தசையின் நிலை யாது? 2014இல் ஸ்ரான்போர்ட்டுப் பல்கலைக்கழகத்தார் சுண்டெலியின் ஒரு காலிலுள்ள தசையைக் காயப்படுத்தி, மறு காலின் தசையை ஆராய்ந்தனர். காயமுறாத காலிலும் குருத்துக்கலங்கள் ஆழ்ந்த உறக்கம் கலைந்து, அரைவிழிப்பு நிலையில் இருந்தன. அந்நிலையில் உள்ள கால் பின்னர்க் காயமுற்றபோது விரைவாக ஆறியது. குருதியிற் பரவிய ஒரு நொதியம் இவ்விழிப்பை உண்டாக்க வல்லதென்பதை அவர்கள் 2017இல் அறிவித்தனர். அதனை ஓமோன் என்னும் பெயரால் அழைத்தல் மரபன்றாயினும், ஊர் எல்லையில் தீப்பிடித்தாற் கோவில் மணி அடித்து ஊரையெல்லாம் எழுப்புதல் போல, ஓரிடத்துப் புண் உடல் முழுவதற்கும் அறிவிக்கப்படுகின்றது என்பது இதனாற் பெறப்படும். தமிழிலே காயம் என்னுஞ் சொல் புண்ணையுங் குறிக்கும், உடலையுங் குறிக்கும். ஒன்றற்கு நேர்ந்தது மற்றதற்கும் நேர்ந்ததே.

அடக்கும் ஓமோன்

இதுவரை கூறியவை ஊக்கும் செய்திகள். அடக்கும் செய்திகளுள் தலையாயது கோட்டிசோல். இது சிறுநீரகங்களின் மேலமர்ந்துள்ள அதிரீனற் சுரப்பிகளிலிருந்து வருவது. அச்சமும் கவலையும் உள்ளபோது மிகுவது. இதனோடு உறவுடைய கோட்டிசோனை மூட்டுவாத நோயாளருக்குக் கொடுத்து அமெரிக்க வைத்தியர் ஹென்ச் பெரும் பயன் கண்டமையை 1949இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு அவரும் கெண்டல், றைக்ஸ்ரைன் என்போரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் அம்மருந்தை நெடுநாள் உட்கொண்டோரின் புண்கள் மந்தமாக ஆறுவதைச் சத்திரவைத்தியர்கள் விரைவிலேயே கண்டனர். வீக்கத்தை அடக்கும் அதே ஆற்றல், பழுது பார்க்கும் வேலையையும் அடக்கியது.

மாணவராயிருந்தோர் யாவர்க்கும் சுவை தரத்தக்க ஆராய்ச்சி ஒன்றினை இங்கே கூறுதல் பொருந்தும். 1998இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், பல்வைத்தியம் பயிலும் மாணவர் பதினொருவரின் மேலண்ணத்திலே சிறு காயம் ஒன்று செய்யப்பட்டது. முதலாவது காயம் கோடை விடுமுறையில். இரண்டாவது காயம் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னர். பரீட்சைக் காலத்துக் காயம் ஆறுவதற்கு நூற்றுக்கு நாற்பது பங்கு கூடிய காலம் சென்றது. விடுமுறையில் ஆறிய விரைவில் பரீட்சைக் காலத்தில் எவர்க்கும் ஆறவில்லை. புண் தீர்தலையும் மனம் அமைதல் தன்னையும் ஆறுதல் என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் தமிழ் வழக்கை இவ்வாராய்ச்சியோடு சேர்த்து நினைக்கின்றோம்.

இவ்வோமோன் குருத்துக்கலத்தை அடக்கும் முறையை 2021இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தார் சுண்டெலியின் உரோமத்தைக் கொண்டு விளக்கினர். உரோமவேரில் உள்ள குருத்துக்கலங்கள் உரோமத்தை ஆக்குவன. தோல் புண்பட்டபோது அதனை மூடுதற்கும் உதவுவன. அதிரீனற் சுரப்பிகளை நீக்கிய எலிகளில், வழமையாக 60 முதல் 100 நாள் வரை நீளும் அவற்றின் ஓய்வுக்காலம் 20 நாளினுங் குறைந்தது. சுரப்பியிலிருந்து வரும் ஓமோன் குருத்துக்கலத்தை நேராகத் தாக்கவில்லை. அதன் பக்கத்திலுள்ள துணைக்கலங்களை அடைந்து, குருத்துக்கலத்தை எழுப்பும் ஒரு புரதத்தை அவை விடாதவாறு தடுக்கின்றது. தூங்குபவனை அடிப்பதற்குப் பதிலாக, அவனை எழுப்ப வந்தவனின் வாயைப் பொத்துவது போன்ற செயல் இது.

எனின் கோட்டிசோல் எமக்குப் பகையோ? அன்று. புலி துரத்தும்போது உரோமம் வளர்த்தலும் தோல் புதுக்குதலும் பயனற்றவை. அப்போது உடலின் வலுவெல்லாம் ஓட்டத்திற்கே வேண்டும். கவலை நீங்காது நெடுங்காலம் தொடரும்போதே அவ்வடக்கம் கேடாக முடிகின்றது.

அளவும் காலமும்

ஓமோனின் பயன் அதன் அளவோடு அமைவதன்று. அது வருங் காலத்தையும் பொறுத்தது. கழுத்திலுள்ள பரதைரொயிட்டுச் சுரப்பிகளின் ஓமோன் குருதியில் இடைவிடாது மிகுந்திருப்பின் என்பைக் கரைக்கும். அதே ஓமோனின் ஒரு பகுதியை நாளுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றினால், என்பை ஆக்குங் கலங்கள் பெருகி, நலிந்த என்பு வலுப்பெறும். தெரிபரதைட் என்னும் அம்மருந்து 2002 முதல் என்பு நலிந்த முதியோர்க்கு ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்படலாயிற்று. ஒரே நீரை இடையறாது தேக்கினால் வேர் அழுகும். முறைவைத்துப் பாய்ச்சினாற் பயிர் தழைக்கும். இதனைத் தோட்டஞ் செய்யும் எம்மவர்க்கு விளக்க வேண்டுமோ?

இன்சுலினும் ஓர் ஓமோனே. அது குறைந்தோ பயன்படாதோ நீரிழிவு முற்றியவர்களிடத்தே, சேதமுற்ற இடத்தைச் செப்பனிட மச்சையிலிருந்து குருதிக்குள் வெளிப்பட வேண்டிய கலங்கள் செவ்வனே வெளிப்படுவதில்லை என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அன்றியும் அவர்களுடைய கால்களிற் குருதியோட்டம் குறையும். நரம்பு மரத்தலால் நோவும் தெரியாது. சிறு முள் தைத்த புண் காலையே இழக்கச் செய்வது இக்காரணங்கள் ஒன்றுசேர்வதனாலேயாகும். இம்மலரை வாசிக்கும் எம் வயதினருள் நீரிழிவுடையோர் பலர் இருப்பர். குருதியிற் சீனியின் அளவைக் காத்தலும், நாள்தோறும் இரவிலே இரு பாதங்களையும் விளக்கொளியிற் பார்த்தலும் அவர்கள் தவறாது செய்யற்பாலன.

நண்பரின் இரண்டாவது கேள்வி

குருதி ஊறச் செய்யும் ஊசியைக் கூட்டிப் போட்டால் என்ன? இக்கேள்வியை வைத்தியர்களுங் கேட்டனர். நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 4,038 பேரைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனையின் முடிவு 2009இல் வெளியாயிற்று. இவ்வகை மருந்தைக் கூட்டிக் குருதியின் செறிவை நலமுள்ளோர் நிலைக்கு அண்மையில் உயர்த்தியவர்களிடையே பக்கவாதம் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. அளவிறந்த செங்குழியங்களாற் குருதி தடிக்கும். தடித்த குருதி நாளங்களில் உறையும். 1990களிற் சைக்கிளோட்டப் போட்டிகளில் வெற்றியை விரும்பிக் களவாக இவ்வூசியை ஏற்றிய வீரர்களும் இந்த ஆபத்தையே விலைக்கு வாங்கினர். சிறுநீரகம் நலமாயிருந்தாற் போதும் என்று அறிந்து தானே நிறுத்தியிருக்கும். நோயுற்ற சிறுநீரகத்தின் தொழிலை வைத்தியர் ஏற்று நடத்தும்போது, தொடங்குதலோடு நிறுத்துதலையும் அவரே ஏற்க வேண்டியவராகின்றார். மாதந்தோறும் நண்பரின் குருதியைச் சோதித்து ஊசியின் அளவைக் கூட்டியுங் குறைத்தும் வருவது அதற்காகவே.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையுங் கூறுதல் எம் கடன். குருத்துக்கலம் என்னும் பெயரை விளம்பரப் பலகையிலே எழுதி, மூட்டுநோவு முதல் மூளைநோய் வரை யாவற்றையுந் தீர்ப்போம் எனப் பெரும்பணம் பெறுவோர் பல நாடுகளில் உளர். தசை பெருக்கும் ஓமோன்களைச் சத்து மருந்தெனக் கூறி இளைஞர்க்கு விற்போரும் உளர். குருத்துக்கலங்களை உடலினுட் செலுத்தி நோய் தீர்க்கும் முறைகளுள், குருதி நோய்களுக்குச் செய்யும் மச்சை மாற்றுச் சிகிச்சையே ஐயமற நிலைநாட்டப்பட்டு எங்கும் வழக்கில் உள்ளது. ஏனையவற்றுட் பெரும்பாலன இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள. ஊக்குவதை மாத்திரம் சொல்லி, நிறுத்துவது எப்படி என்பதைச் சொல்லாத மருத்துவத்தை ஏற்பதற்கு முன்னர், அறிந்த வைத்தியர் ஒருவரை உசாவுதல் நன்று.

அண்மையில் நண்பரைக் கண்டு இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையோடு கேட்டிருந்து, “அப்படியானால் அந்த ஊசி சத்தூசி இல்லை, என்னுடைய சிறுநீரகம் எழுத வேண்டிய கடிதத்தை வேறொருவர் எழுதிக் கொடுக்கிறார்” என்றார். பாடசாலை நாட்களில் விஞ்ஞானப் பாடத்தில் எம்மைவிட அவர் கூடிய புள்ளிகள் பெற்றமைக்குக் காரணம் அன்றே எமக்கு விளங்கியிருக்க வேண்டும். அவ்வாரம் ஊசியின் அளவு குறைக்கப்பட்டிருந்தது; அவர் அதனைப் பற்றிக் குறையொன்றும் கூறவில்லை.